பவுடர் போட்ட பூசணிக்காய்

எழுபதுகளின் தொடக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னால் நான் வெண்பூசணி போட்டேன். தெருவில் மற்றவர்கள் குரோட்டன்ஸ் வளர்த்தார்கள். சித்திரை வெயிலில் அவை தலை தொங்கின. என் கொடி, குளித்த தண்ணீரைக் குடித்தே மதில்மேல் ஏறியது. ஞாயிறுதோறும் காய்களைத் தையல் டேப்பால் அளந்து டைரியில் குறித்தேன். வெண்பூசணியைத் துருவிக் கிண்டும் காசி அல்வாவுக்குத்தான் இவ்வளவும்.

முதல் இரண்டு காய்களும் முற்றுவதற்குள் திருடு போயின. கொடியில் காம்பு மட்டும் சீராக அறுபட்டிருந்தது. மிச்சம் ஒன்றுதான். அதைக் காப்பாற்ற, சுண்ணாம்பு, கரி, குங்குமம் எல்லாம் குழைத்து, உருட்டு விழி, மீசை, தொங்கும் நாக்கு என்று ஒரு முகம் வரைந்தேன். திருஷ்டிப் பூசணியை எவன் தொடுவான்?

பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். "இன்னா சார், அப்டியே உங்க ஹவுஸ் ஓனர் மாதிரி கீது!"

யாரும் தொடவில்லை. காய் முற்றி, மேலே சாம்பல் பூத்ததும் பறித்துச் சமையலறைக்குக் கொண்டுபோனேன்.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "தெருக் கண்ணு மொத்தமும் இது மேலதான் இருக்கு. இதைப் போய் யாராவது சாப்பிடுவாங்களா? அமாவாசைக்கு வாசல்ல உடைச்சிடுங்க."

"நான்தானே வரைஞ்சேன்?"

"யாரு வரைஞ்சா என்ன? திருஷ்டி திருஷ்டிதான்."

மறுநாள் அவள் மயிலாப்பூர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், புளியும் தேங்காய் நாரும் கொண்டு அந்த முகத்தைத் தேய்த்துக் கழுவினேன். முகத்தோடு சாம்பலும் போய்விட்டது. கடைக்காய் இப்படி மொழுமொழுவென்று இருக்காது. அலமாரியிலிருந்த பவுடரை எடுத்து ஒரே சீராகத் தடவினேன். காயைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனையில் காத்திருந்து, அவள் வீடு திரும்பிய பிறகு வியர்வையோடு உள்ளே நுழைந்தேன்.

"தி.நகர் கடையில அதைக் கொடுத்துட்டு இதை மாத்திக்கிட்டு வந்தேன்."

அவள் காயைத் தூக்கி முகர்ந்தாள். "எந்தக் கடைங்க அது? பூசணிக்காய்க்கு என் பவுடரைப் பூசி விக்கிறான்?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். அவள் தோல் சீவ ஆரம்பித்தாள்.

சாயங்காலம் நெய் மினுமினுக்க அல்வா வந்தது, ஒரே கிண்ணத்தில். அவள் எதிரே உட்கார்ந்தாள். "முதல்ல நீங்க சாப்பிடுங்க. நாளைக்குக் காலைல நல்லபடியா எழுந்தீங்கன்னா நானும் சாப்பிடறேன்."

சாப்பிட்டேன். காலை வரை அவள் காத்திருக்கவில்லை. நான் இரண்டாவது வாய் எடுப்பதற்குள் கிண்ணம் அவள் பக்கம் நகர்ந்துவிட்டது.