வார்டன் காலில் விழவைத்தேன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "அத்தை, மூச்சு விட்டுப் பேசுங்க" என்கிறாள். சந்தோஷத்தில் நிறுத்த வரவில்லை.

என் மகன் சேகர் சின்ன வயதில் படித்த மடத்து விடுதிப் பள்ளியிலிருந்து போன வாரம் கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் வார்டன் பிள்ளைகளை அடித்துக் கொடுமைப்படுத்தியது உண்மைதான், வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவனும் கூடப் படித்தவர்களும் வருடக்கணக்காகக் கேட்டுப் பெற்ற பதில். உடனே வீட்டுப் பக்கத்துக் கட்கி மார்க்கெட்டுக்குப் போய்ப் பால் இனிப்பு, பேடா வாங்கினேன். ஆட்டோக்காரரிடம்கூட மராட்டியில் சொல்லிவிட்டேன்.

சேகர் பேடாவைத் தொடவில்லை.

"லீவு முடிஞ்சு என்னைக் கொண்டுபோய் விட்டியே, ஞாபகம் இருக்காம்மா?"

இருந்தது. ஒன்பது வயது அவனுக்கு. போகமாட்டேன் என்று ரயிலில் அழுதான். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். சாமி காரியம் நடக்கிற இடம், கண்டிப்பு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். வாசலில் நின்ற வார்டன் காலில் அவனை விழச் சொன்னேன். தயங்கியவனின் தலையைப் பிடித்து நானே அழுத்தினேன்.

"அவங்க ஒத்துக்கிட்டாங்க. நீ இன்னும் சொல்லலையேம்மா."

"தப்புதாண்டா கண்ணா. நீ காட்டினே, நான் பாக்கலை."

அவன் பால்கனியில் போய் வெகுநேரம் நின்றான்.

இப்போது யார் வந்தாலும் பேத்தியைக் காலில் விழச் சொல்வதில்லை. ஒருவரிடம் போகமாட்டேன் என்று அவள் சொன்னால், ஏன் என்று கேட்கிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசுவதில்லை.