பதினெட்டு டிகிரியில் ஒரு துக்க வீடு

சென்ற மாதம் ஒருநாள் நான் செத்துப்போனேன்.

பதற வேண்டாம். விஷயம் எனக்கே தாமதமாகத்தான் தெரியும். தாராசுரத்திலிருந்து பஸ் பிடித்து, திருவையாற்றில் இறங்கி, எங்கள் தெருமுனைக்கு வந்தால் என் முகமே என்னை வரவேற்றது – ஆள் உயர ஃப்ளெக்ஸில். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே கைகூப்பியபடி எங்கள் வார்டின் ஆளுங்கட்சிப் பிரமுகர். என் படத்தைவிட அவர் படம் கொஞ்சம் பெரிது.

எல்லாவற்றுக்கும் காரணம் என்ன தெரியுமா? பீர்!

என் கணவர் தட்சிணாமூர்த்தி புனேயில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். இப்போது அதே வேலையைத் திருவையாற்றில், அவருடைய அப்பா கட்டிய வீட்டிலிருந்து பார்க்கிறார். புனே நண்பர் ஒருவர் வீட்டிலேயே பீர் காய்ச்சிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து இவருக்குப் பித்து.

“நம்ம ஊர்ல இதெல்லாம் செஞ்சா போலீஸ் வரும்” என்றேன்.

“விக்கவா போறேன்? ஒரே ஒரு பக்கெட்தானே” என்றார்.

ஒரு பக்கெட் வரைக்கும் மன்னிப்பு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கேட்டேன். பதிலுக்குப் பார்லியும் ஈஸ்ட்டும் கூரியரில் வந்து இறங்கிவிட்டன.

பீர் புளிப்பது ஏறக்குறைய இட்லி மாவு புளிக்கிற கதைதான். ஒரே ஒரு வித்தியாசம். நம்ம ஊர் வெயில் இட்லி மாவுக்குச் சொர்க்கம். பீர் ஈஸ்ட்டுக்கு நரகம். பதினெட்டு, இருபது டிகிரியில் வைத்தால் அது சமர்த்தாக வேலை பார்க்கும். சூடு ஏறினால் வெறி பிடித்த மாதிரி தின்றுவிட்டு, கண்ட கண்ட வாசனையைக் கக்கும். போதாததற்கு, புளிக்கும்போது அதுவே வேறு சூட்டைக் கிளப்பும்.

முதல் பக்கெட்டைத் திறந்தோம். பூவன்பழத்தை நெயில் பாலிஷ் ரிமூவரில் ஊறவைத்த வாசனை. கொல்லையில் கொட்டினார். அந்தப் பக்கம் இரண்டு நாள் பூனைகூட வரவில்லை.

அடுத்த முறை பக்கெட்டுக்கு ஈரச் சாக்கைச் சுற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். காவிரிக் கரையில் காற்றே ஈரம். சாக்கு எங்கே காயும், பக்கெட் எங்கே குளிரும்? அதற்கடுத்து, மல்லிப்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்வியிடம் ஐஸ் வாங்கி, ஒரு டப்பில் கொட்டி, நடுவில் பக்கெட்டை இறக்கினார். ஐஸ் இருக்கும்வரை ஈஸ்ட் தூங்கியது. உருகியதும் எழுந்து பேயாட்டம் ஆடியது. கடைசியில் பீரில் ஒரு நெத்திலி வாடை.

“ஃப்ரிட்ஜைக் கொஞ்ச நாளைக்குக் குடேன்...”

“மாவு எங்க இருக்கும்? உங்க தலையிலயா?”

அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விதி, பக்கத்துத் தெருவில் ஒரு சாவு ரூபத்தில் வந்தது.

பெரியவர் ஒருவர் தவறிவிட்டார். இருவரும் போனோம். பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பாக்ஸில் பெரியவர் அமைதியாகப் படுத்திருக்கிறார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், என் கணவர் குனிந்து, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பாக ஒளிரும் எண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“டிஜிட்டல் கன்ட்ரோல்” என்றார் என் காதில். “அப்படியே அசையாம நிக்குது பாரு!”

கிள்ளினேன். பலிக்கவில்லை. வெளியே வந்ததும், பெட்டியை வாடகைக்கு விடும் பக்கிரிசாமியைத் தேடிப் பிடித்துவிட்டார்.

“இதை பதினெட்டுல வைக்க முடியுமா?”

“பதினெட்டா? மறுநாளே நாறிடும் சார்!”

அந்த விஷயம் அங்கேயே முடிந்தது என்று நம்பிய நான், டெல்லியிலிருந்து வந்திருந்த கல்லூரித் தோழியைத் தாராசுரம் கோயிலுக்கு அழைத்துப்போனேன். செல்போனை வீட்டில் சார்ஜரிலேயே மறந்துவிட்டேன்.

நான் கிளம்பியதும் பக்கிரிசாமிக்கு போன் போயிருக்கிறது.

“எத்தனை நாளைக்கு சார்?”

“ஒரு பத்து நாள்.”

“பத்து நாளா! பிள்ளைங்க ஃபாரின்லேர்ந்து வரணுமா சார்?” பக்கிரிசாமியின் குரல் தழுதழுத்துவிட்டதாம். “தைரியமா இருங்க. இந்தா வந்துட்டேன்.”

பட்டப்பகலில், தெருவே பார்க்க, வேன் வந்து நின்றது. பெட்டி இறங்கியது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் வாசலில் நின்று பெட்டியை வாங்குகிறார். அப்படியானால் போனது யார்? தெரு ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிட்டது. என் போனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே மணி அடிக்கிறது, நான் எடுக்கவில்லை. வேறு என்ன சாட்சி வேண்டும்?

இவரோ வேன் போனதும் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, பின்கட்டு அறையில் பெட்டியைப் பதினெட்டுக்குச் செட் செய்து, இரண்டு நாள் முன்பு எனக்குத் தெரியாமல் காய்ச்சிவைத்திருந்த புதுப் பக்கெட்டை, வெளிச்சம் படாமல் என் பழைய புடவையால் சுற்றி உள்ளே வைத்து, பாத்திரங்களை பிளீச்சிங் பவுடரில் கழுவிக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போன். கதவை உடைக்காத குறையாகத் தட்டிய பிறகுதான் கேட்டிருக்கிறது.

திறந்தால், வாசலில் அவருடைய அண்ணன் கலியபெருமாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மூத்தார் எங்கள் வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிறது. குடமுருட்டி ஆற்றங்கரையில் என் மாமனார் விட்டுப்போன நிலத்தைப் பாகம் பிரித்த பிறகு, அதன் நடுவே பைபாஸ் ரோட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியதில் எங்கள் பங்குக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் அவருடைய வாய்க்கால் வழியாகத்தான் வர வேண்டும். அவர் மடையை அடைத்துவிட்டார். நாங்கள் கோர்ட்டுக்குப் போனோம். ஊரெல்லாம் சம்பா நாற்று பச்சை கட்டி நிற்க, எங்கள் நாற்றங்கால் மட்டும் அன்றைக்கு வெடித்துக் கிடந்தது.

அப்படிப்பட்டவர் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். “டேய்... எப்படிடா ஆச்சு?”

பீர் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று நினைத்தார் இவர். பிளீச்சிங் நெடியில் கண்கள் சிவந்து வழிந்துகொண்டிருந்தன. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. சூடு ஏறிடுச்சு. நுரை தள்ளிடுச்சு.”

“ஐயோ! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலையா?”

“ஆஸ்பத்திரிக்கா? எதுக்கு? உள்ள வச்சு மூடிட்டேன். பத்து நாளைக்குத் தொறக்கக் கூடாது.”

தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மூத்தார் முடிவுகட்டினார். பாவம், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வேறு எப்படிப் பேசுவான்? கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். இவரை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.

அதற்குள் தெருவில் பந்தல் கால் ஊன்றியாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. ஆளுங்கட்சி ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு எதிர்க்கட்சிக்காரர் இன்னும் பெரிதாக ஒன்று அடித்துக்கொண்டு வந்தார். பத்திரிகைகளில் எப்போதாவது எழுதுகிற நான் அதில் ‘பத்திரிகை உலகின் விடிவெள்ளி’. இருவரில் யார் முதலில் மாலை போடுவது என்று தகராறு. சமாதானம் செய்ய ஒரு போலீஸ்காரர்.

நான் உள்ளே நுழைந்தபோது கூடத்தின் பின்கதவருகே, மூடிய பெட்டி இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பி நின்றார் மூத்தார். பின்கட்டு அறையின் விளக்கு அணைந்திருந்தது. பெட்டிக்குள் என் புடவை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

“மடையைத் தொறந்துவிட்டுடறேம்மா” என்று தேம்பினார். “உன் நாத்தைக் காய விட்டுட்டேனே... என்னை மன்னிச்சிரும்மா!”

“நிஜமாவா மாமா?” என்றேன் பின்னாலிருந்து.

யாரோ ஒரு பெண்மணி மயங்கி விழுந்தார். மாலைகள் கீழே விழுந்தன. மூத்தார் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்து அழுதுவிட்டார். இந்த முறை சத்தமில்லாமல். நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன். பந்தல்காரர் மட்டும் முகம் வாடி நின்றார்.

அப்போதுதான் போலீஸ்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அம்மா உயிரோட இருக்காங்க, சரி. அப்ப உள்ள இருக்கிறது யாரு?”

கூட்டம் அப்படியே பின்கட்டுக்குப் பாய்ந்தது. என் கணவர் பெட்டியின் குறுக்கே விழுந்து மறித்தார். அது சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. மூத்தார் அவரை விலக்கிவிட்டு, தானே மூடியைத் திறந்தார். உள்ளே புடவை சுற்றிய பக்கெட். அதன் தலையில், உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேற ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்.

‘ப்ளுப்.’

“உயிர் இருக்கு!” என்று கத்தினார் எதிர்க்கட்சிக்காரர்.

மூத்தார் குனிந்து மோந்து பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போலீஸ்காரரையும் பார்த்தார்.  ஒரே ஒரு வார்த்தை போதும். நாங்கள் ஸ்டேஷனில் இருப்போம். எங்கள் வழக்கு காற்றில் பறக்கும். மடை காலத்துக்கும் மூடியே கிடக்கும்.

“பார்லிக் கஞ்சி” என்றார் மூத்தார் கணீரென்று. “தம்பிக்கு வயித்துப் புண். புளிக்கவச்சுக் குடிக்கணும், சூடு ஆகாது. எங்க குடும்பத்து வைத்தியம்.”

“அதுக்கு ஃப்ரீசர் பாக்ஸா சார்?”

“ஏன், உயிரோட இருக்கிறவன் வாடகைக்கு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

போலீஸ்காரர் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு சட்டம் அவர் நினைவுக்கு வரவில்லை. கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. ஆளுங்கட்சிப் பிரமுகர் ஃப்ளெக்ஸைச் சுருட்டி என்னிடமே பணிவாகக் கொடுத்தார். “வச்சிருங்க மேடம். தேதிய மட்டும் மாத்திக்கலாம்.”

எல்லோரும் போன பிறகு கேட்டேன்: “மாமா, அந்த மடை...?”

“செத்தவளுக்குத்தான் சொன்னேன்” என்றார் விறைப்பாக. வாசல் வரை போனார். செருப்பை மாட்டிக்கொண்டே, “காலையில தண்ணி வரும். ஆனா கேஸ் கேஸ்தான்” என்றார்.

மறுநாள் தண்ணீர் வந்தது.

அடுத்த நாள் பக்கிரிசாமி வந்தார், கையைப் பிசைந்துகொண்டு. மேலத்தெருவில் நிஜமாகவே ஒரு சாவு. வேறு பெட்டி இல்லை. “உங்க கஞ்சி கொஞ்சம் எழுந்திருக்குமா சார்?” என் கணவர் மறுபேச்சு பேசாமல் பக்கெட்டை வெளியே எடுத்தார். இறந்தவரோடு போட்டி போட முடியுமா என்ன? ஆனால் முகம் செத்துவிட்டது. விஷயம் மூத்தார் காதுக்குப் போய்விட்டது. பைக்கில் வந்து இறங்கினார்.

“என் ரூம்ல ஏசி பதினெட்டுலதான்டா ஓடுது. கொண்டா அங்க.”

ஆக, எங்களோடு வழக்காடுகிறவரின் கட்டிலுக்கடியில் எங்கள் குற்றம் குடியேறியது. அவர் மனைவி, என் ஓரகத்தி, கம்பளி போர்த்திக்கொண்டு கூடத்தில் படுத்தார். இவர் தினமும் மாலையில் ‘டிகிரி பார்க்க’ என்று அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு தெர்மாமீட்டரைப் பார்க்க இரண்டு மணி நேரமா? நான் கேட்கவில்லை.

முடிவில் பீர், பீர் மாதிரியே வந்தது. மூத்தார் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இந்தக் கசப்புக்காடா இவ்வளவு பாடு?” பிறகு டம்ளரை மறுபடி நீட்டினாராம்.

உயிரோடு இருக்கிறவர் வீட்டுக்குப் போக நமக்கு நூறு யோசனை. யார் முதலில் பேசுவது, போனால் என்ன நினைப்பார்கள்... சாவு என்றால் மட்டும் செருப்பைக்கூடப் போடாமல் ஓடுகிறோம். கொஞ்சம் முன்னாலேயே ஓடினால் என்ன?

போன திங்கட்கிழமை வாய்தா. அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் கோர்ட்டுக்குப் போனார்கள், எதிரெதிரே நின்றார்கள், அடுத்த வாய்தா வாங்கிக்கொண்டு ஒரே பைக்கில் திரும்பினார்கள். கேஸ் எங்கே சமாதானத்தில் முடிந்துவிடுமோ என்று இரண்டு வக்கீல்களுக்கும்தான் காய்ச்சல் கண்டிருக்கிறதாம்.