என்னைக் காளியம்மா என்று கூப்பிட்டவர்

குளுவாங் ஊர்ச் சந்தையான பாசாரில் கோழி வெட்டும் அக்காவுக்குத் தடித்த கைகள். ஒவ்வொரு கோழிக்கும் முன்னால் கத்தியை நெற்றியில் ஒற்றிக்கொள்வார்.

ஒருநாள் என் பெயரைக் கேட்டார். சிங்கப்பூர் வேலைக்காக நானே வைத்துக்கொண்ட 'கெல்லி'யைச் சொன்னேன்.

"அம்மா வச்ச பேரு?"

"காளியம்மா," என்றேன் மெதுவாக.

"அதுக்கு ஏன் முனகுற? எங்க ரப்பர் தோட்டத்துல காளியம்மானு கூப்பிட்டா பத்து பேரு திரும்புவாங்க லா. பிள்ளை பிழைக்கணும்னு ஆத்தாகிட்ட நேர்ந்து வச்ச பேரு. இப்ப எவ வைக்கிறா?"

அப்போது அவருடைய புருஷன் குடித்துவிட்டு வந்தான். கொண்டையைப் பிடித்து இழுத்து அறைந்தான். அக்காவின் உதடு கிழிந்தது. பக்கத்து மீன்கடைக்காரர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவன் கையைப் பிடித்து வெட்டுக்கட்டையில் அழுத்தினார். கத்தியை நெற்றியில் ஒற்றினார். இறக்கினார். சுண்டுவிரல் நுனி கோழிக்குடலோடு கிடந்தது. அவன் அலறிக்கொண்டே ஓடினான்.

அக்கா கட்டையைக் கழுவினார். பிறகு பாசாருக்கே கேட்கும்படி கத்தினார்: "காளியம்மா! குழம்புக்கா, பொரிக்கவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "குழம்புக்கு!" என்று நானும் கத்தினேன்.

அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலையிடத்தில் யாராவது கெல்லி என்று கூப்பிட்டால், முன்போல் உடனே திரும்ப முடிவதில்லை.