மெட்ராஸ் போகிற திருடன்

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னு எல்லாரும்தான் சொல்லுவா. போன வாரம் இங்கேர்ந்து என்ன எடுத்துண்டு போனேள்?"

"ஞாயித்துக்கிழமை பேப்பர்."

சங்கிலி விலகும். எனக்கு எதிர்வீடு, செகந்திராபாதில் இந்த மாடியில் பதினொரு வருடப் பழக்கம். இருந்தும் தாரிணி என்னை இப்படித்தான் உள்ளே விடுவாள். பால்காரருக்கும் இதே கேள்வி. அவர் தெலுங்கில் திட்டிக்கொண்டே பதில் சொல்வார்.

தாரிணிக்கு வயது இருபத்தாறு. பேகம்பேட்டில் ஒரு கம்பெனி. கம்ப்யூட்டரில் கேரம் ஆட விடுகிற கம்பெனி. நாட்டில் எத்தனையோ வேலை முடியாமல் கிடக்க, இதற்கு நாற்பது பேர், ஏ.சி., இலவசக் காபி. அங்கே தாரிணிதான் காவல். ஏமாற்றி ஆடுகிறவனை வெளியே தள்ள வேண்டும். அவன் வேறு பெயரில் திரும்பி வந்தால் மோப்பம் பிடித்து மறுபடியும் தள்ள வேண்டும்.

"குற்றப்பத்திரிகை குடுத்தியா? விளக்கம் கேட்டியா? விசாரணை இல்லாம ஒரு ஆளை எப்படி நீக்குவே?" என்று ஒருமுறை சண்டைக்குப் போனேன். முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் கத்திய தொண்டை சும்மா இருக்காது.

"திருட்டுப் பயலுக்கு யூனியனா? நக்கோ அங்கிள்," என்றாள். ஹைதராபாத் உருதுவில் நக்கோ என்றால் வேண்டாம்.

உள்ளே வர விரும்புகிறவன் செல்போன் நம்பர் கொடுக்க வேண்டும். அந்தப் போனுக்கு நான்கு இலக்கம் வரும். அதை அடித்தால்தான் கதவு திறக்கும். ஒரு நம்பருக்கு ஒரு பெயர்தான். மூன்று முறை தப்பாக அடித்தால் அந்த நம்பர் செத்தது. இந்தச் சட்டம் தாரிணி எழுதியது. அதைச் சொல்லும்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொள்வாள்.

போன மாதம் ஒருவன் வந்தான். காஸிபேட் என்று ஒரு பெயர், வாரங்கல் என்று இன்னொன்று. வாரங்கலிடம் காஸிபேட் ஐம்பது ஆட்டம் தோற்றது. ஒரே ஆள் இரண்டு பெயரில் உட்கார்ந்து, ஒன்றைத் தோற்கடித்து மற்றதற்குப் புள்ளி ஏற்றியிருக்கிறான். இரண்டையும் நீக்கினாள். மஹபூபாபாத்தும் கம்மமும் வந்தன. நீக்கினாள். விஜயவாடா, தெனாலி. ஆபீஸில் தெலுங்குப் பையன்கள், சொந்த ஊர்ப் பாசத்தில் வைத்த பெயர்கள் என்றார்கள். தாரிணி மட்டும் சிரித்தாள்.

"நம்ம ஊர்க்காரன் அங்கிள். சார்மினார் எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போயிண்டிருக்கான்."

ஹைதராபாத்தில் வளர்ந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் அந்த ஸ்டேஷன் வரிசை வாய்ப்பாடு மாதிரி. பெரிய விடுமுறைதோறும் ஜன்னலோரம் உட்கார்ந்து கற்றது.

அவளுடைய மேனேஜர் சுதர்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பெரிய போட்டி. அதுக்குள்ள அவன் திரும்ப உள்ள வந்தான்னா உன் வேலை நிரந்தரம் ஆகாது," என்றார். ஆறு மாதமாகத் தற்காலிகம். முதலாளிகள் கத்தியை எப்போதும் தற்காலிகக் கழுத்தில்தான் வைப்பார்கள்.

சனிக்கிழமை நெல்லூர் வந்தது. ஆபீஸ் திரையில் போன் நம்பரின் கடைசி நான்கு எண்தான் தெரியும். 4417. அவள் அம்மா ருக்மிணியின் நம்பர்.

நெல்லூரை நீக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் ஒன்பதரைக்கு நான் பேப்பர் வாங்கப் போனேன். கேள்வி கேட்காமல் கதவைத் திறந்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பேப்பரை எடுத்துக்கொண்டேன். ஹாலில் அவள் அப்பா கிட்டு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். காஞ்சன்பாக் ஃபாக்டரியில் முப்பத்தைந்து வருடம் ஸ்டோர்ஸ் பார்த்து, ஒரு ஆணியைக்கூட வெளியே விடாதவர் என்று பெயர் எடுத்தவர்.

"தாரிணி, உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். படிச்சுச் சொல்லேன். என் இன்பாக்ஸ் நிறைஞ்சுடுத்து."

போன் கூவியது. பார்த்தாள்.

"அஞ்சு ரெண்டு எட்டு ஒண்ணு."

"தப்புங்கறதுடி."

"அப்ப அஞ்சு எட்டு ரெண்டு ஒண்ணு."

"இதுவும் தப்பாம். கண்ணாடி போட்டுண்டு பாரு, மணியாறது!"

"எட்டு அஞ்சு ஒண்ணு ரெண்டு."

கிட்டு அடித்தார். திரை சிவந்தது. மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"நெல்லூருக்கு அடுத்த கூடூரோட வண்டி நின்னாச்சு, அப்பா," என்றாள். "ரிடையர் ஆன மனுஷன் இப்படிப் பண்ணலாமா?"

"நாள் பூரா வேற என்னடி பண்றது? நேரா ஆடினா அந்தப் பொடிப் பசங்ககிட்ட தோத்துண்டே இருக்கேன்." குரல் இறங்கியது. "உன் கம்பெனின்னு தெரியும். நீதான் பிடிக்கறேன்னு தெரியாது."

"அம்மா போன் நெல்லூர். மத்ததெல்லாம் யாரோடது?"

"காஸிபேட் என்னோடது. வாரங்கல் பால்காரர். மஹபூபாபாத் மூணாவது மாடி அபயாம்பாள் மாமி. கம்மம்..."

கிட்டு என்னைப் பார்த்தார்.

இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது, ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். என்று போன மாதம் என் போனைக் கேட்டார். கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் யார்தான் கொடுக்க மாட்டார்கள்? இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

தாரிணி என் கையிலிருந்த பேப்பரை உருவினாள். நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல் கதவை அகலமாகத் திறந்து பிடித்தாள்.