அண்ணே, அம்மாவுக்கு

முப்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தலைக்கும் மீசைக்கும் சாயம் பூசினேன். எழுபத்திரண்டு வயதிலும், மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரக் கடைகளில் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். என் மனைவி ஐம்பதிலேயே நரைக்க விட்டுவிட்டாள். நான் கல்லூரி முடிக்கும்வரை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி வீட்டை நடத்தியவள் அவள். அப்போதே முதுகு லேசாக வளைந்துவிட்டது.

போன தீபாவளிக்கு முன் இருவரும் புடவைக் கடைக்குப் போனோம். விற்பனைப் பெண் ஓடி வந்தாள்.

"வாங்கண்ணே! அம்மாவுக்குப் பட்டு காட்டவா?"

வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் 'அம்மா' என்பது நம் மரியாதை. அதுவரை என்மேல் தப்பில்லை. ஆனால் அவள் ஒரு நீலப் புடவையை என் மனைவியின் தோளில் போட்டுவிட்டு, "உங்கம்மாவுக்கு இந்தக் கலர் அழகா இருக்கு லா, அண்ணே" என்றாள். நான் திருத்தவில்லை. கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புடவையை வாங்கிக்கொண்டு காரில் ஏறியதும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "பார்த்து ஓட்டுப்பா, மகனே."

அதற்குப் பிறகு அவள் என்னோடு வெளியே வரவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் பக்கத்து வீட்டு அக்காவோடு போனாள். புடவை மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடந்தது. சித்தியவான் ஊரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு நான் தனியாகப் போய், "அவளுக்குக் கால்வலி" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பொய் சொன்னேன்.

சமாதானம் பேசத் தெரியாமல், ஆசிரியராக இருந்தபோது ஆறாம் படிவ மாணவர்களுக்கு நான் பாடம் நடத்திய ஓர் ஆங்கில நாவலின் கதையை ஒருநாள் அவளிடம் சொன்னேன். அழகான இளைஞன் ஒருவனின் வயதும் அவன் செய்யும் பாவமும் அவன்மேல் ஏறாமல், அவன் மறைத்து வைத்த தன் ஓவியத்தின்மேல் ஏறும். பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அந்தப் படம் நாந்தானே?"

இத்தனை வருஷத்தில் எந்த மாணவனும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

சாயத்தை நிறுத்தினேன். ஐந்து மாதம் வரிக்குதிரை மாதிரித் திரிந்தேன். போன வாரம் அதே கடைக்குப் போய் அந்தப் பெண்ணிடம், "அன்னைக்கு வந்தது என் அம்மா இல்லம்மா, என் சம்சாரம். நான் அப்பவே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"அய்யோ, சாரி லா, தாத்தா!"

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். 'தாத்தா' என்றபோது சுருக்கென்று குத்தியதையும் மறைக்கவில்லை.

மனைவி வெகுநேரம் சிரித்தாள். பிறகு அலமாரியைத் திறந்து நீலப் புடவையை எடுத்தாள்.

"வாங்க, அந்தக் கடைக்குப் போலாம். அவ உங்கள இன்னொரு தரம் அப்படிக் கூப்பிடுறத நான் கேக்கணும்."