பெரிய புலி, சின்னப் புலி

என் தம்பி வாழ்நாளில் பாதியை இரண்டு புலிகளுக்கு நடுவே கழித்தவன். சரி, கொஞ்சம் புளுகுதான். ஒன்று புலிச்சுறா, மற்றது புலிவண்டு. இரண்டும் செத்து, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் கிடந்தவை. வருகிறவர்களுக்கு அவற்றை விளக்குவது அவன் வேலை.

"ரெண்டும் புலி. ரெண்டும் இரையைப் பிடிக்கிற நேரத்துல குருடு" என்று ஆரம்பிப்பான். சுறா கடிக்கும்போது கண்ணைச் சவ்வால் மூடிக்கொள்ளும். வண்டுக்கு ஓடுகிற வேகத்தில் கண் தெரியாது; நின்று பார்த்துவிட்டு மறுபடி ஓடும். கூட்டம் வாயைப் பிளக்கும்.

அவனுக்கே பார்வை மங்கிக்கொண்டு வந்தது. உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். "லீவு போட்டா விஷயம் தெரிஞ்சிடும்கா, வேலை போயிடும்" என்று தள்ளிப்போட்டான். விஷயம் தெரிந்த காவலாளிதான், எந்தப் பெட்டி எங்கே என்று காலையில் காதைக் கடிப்பான். அவர்கள் பாஷையில் சுறா பெரிய புலி, வண்டு சின்னப் புலி.

கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது பெட்டிகள் இடம் மாறின. கூடவே கன்றுக்குட்டி உயரத்துக்கு மெழுகில் செய்த புலிவண்டு ஒன்றும் புதிதாக வந்து இறங்கியது.

"அண்ணே, பெரிய புலி வாசப் பக்கம் நிக்குது" என்றான் காவலாளி. அவன் சொன்னது மெழுகு வண்டை. தம்பிக்குக் கேட்டது சுறா.

வாசலில் தெரிந்த மங்கலான உருவத்தின் முன் நின்று, "கடலையே கலக்கும் பாருங்க இது!" என்று முழங்கினான்.

"நீந்துறதுக்கு எதுக்குங்க ஆறு காலு?" என்றாள் ஒருத்தி.

"தமாஷ் பண்றாருடி, விடு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு தப்பியிருப்பான். பின்னால் நின்ற மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"இது என்ன கலர், சொல்லுங்க."

பச்சைப் பசேலென்று நின்றது வண்டு. "சாம்பல்ங்க" என்றான் தம்பி. அன்றைக்கே வேலை போயிற்று. அதற்குப் பிறகு டாக்டரிடம் போனான். காலம் கடந்துவிட்டது என்றார்.

இப்போது என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். 'ஓடிய ஓட்டத்தில் கண் தெரியாமல் போன புலிவண்டு என் தம்பி' என்று இந்தக் கதையை முடித்து, அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தப்புக்கா" என்றான். "வண்டு கண்ணு தெரியலன்னா நின்னுடும். நான் எங்க நின்னேன்? சுறான்னு மாத்து."