சின்னவளின் மைப்பொட்டு

1957 ஏப்ரல் 6, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுத் தப்பு கேட்டது. ஐந்தே முக்காலுக்கு பாலில்லாமல் ஒரு கோப்பை பிளேன்டீ. ஆறு மணிக்கு ஆபீஸ் முற்றத்து மழைமானியைப் பார்த்து, நீர் இல்லை என்று குறித்தேன். தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராகி அது பதினோராவது வருடம். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. ஆறேகாலுக்கு நாயின் பல், நகம், காது பார்ப்பேன். அன்று அதற்கென்று ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தேன். மொத்தம் பதினான்கு அம்சங்கள். எல்லாவற்றுக்கும் சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன் சீமைக்குக் கப்பலேறிய பழைய துரை, ஒரு பாக்ஸ் டெரியர் பெட்டைக் குட்டியையும் அதன் வம்சாவளிப் பத்திரத்தையும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரத்தில் அதன் பெயர் ஒரு முழு வரி. வீட்டில் மகள் பெரியவள் என்பதால் குட்டி சின்னவள் ஆகிவிட்டது. பத்திரத்தை என் மனைவி ஜாதகங்கள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்தாள்.

“ஏங்க, இதுக்கு ஆறு தலைமொற பேரு தெரியுது. ஒங்களுக்கு ஒங்க பாட்டன் பேரே சந்தேகம்” என்றாள்.

மாப்பிள்ளை நாய் ஹட்டனுக்கு அப்பால், தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டீமேக்கர் வீட்டில் இருந்தது. அங்கே போனபோது மனைவி வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். “சம்பந்தம் பேச வெறுங்கையோடவா போறது?” டீமேக்கர் சிரிக்கவில்லை. அவரும் தட்டு தயாராக வைத்திருந்தார்.

ஐந்து குட்டிகள் பிறந்தன. அதிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டிகளை வரிசையில் நிற்கப் பழக்குவாள். நான் ஒவ்வொன்றின் எடையையும் வாரம்தோறும் எழுதினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, மார்ச் மாதத்தில் ஒரு குட்டி பெரட்டுக் களத்துக்கு ஓடிவந்து புதிய துரையின் நீண்ட காலுறையில் ஒன்றுக்குப் போகும்வரை.

துரை ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: “இது நல்ல சாதி நாய் என்கிறீர்கள். நுவரெலியா நாய்க் காட்சியில் தாய்க்கு ஒரு பரிசு இடம் வாங்கிக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் முடிவுக்குள் ஆறும் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும்.”

அன்றிரவு மகள் சாப்பிடவில்லை. மனைவி துரையின் காலுறையைப் பற்றிச் சொன்னதை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை.

ஆகவே அந்தச் சனிக்கிழமை நாங்கள் நால்வரும் பஸ் ஏறினோம். முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. பெரியவளோடு சின்னவளுக்கும் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, சாம்பிராணி காட்டியிருந்தாள் மனைவி. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்று கேட்டார்.

காட்சி மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் கூட்டம். எங்கள் துரையும் துரைசாணியும் தங்கள் ஸ்பானியலோடு வந்திருந்தார்கள். பங்களாவில் சமையல் பார்க்கும் அப்பு அதன் வாரைப் பிடித்திருந்தார். அது தன் பிரிவில் முதலாவதாக வந்து, ரிப்பனோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று அதைக் கொஞ்சினார்கள்.

சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துகொண்டே என் மனைவி அப்புவிடம், “இத்தன பேரு கண்ணு படுது, ஒண்ணுமே செய்யாம ஒக்கார வச்சிருக்கீங்களே” என்றாள்.

“எனக்கு எதுக்குங்க வம்பு, தொரசாணி திட்டும்” என்றார் அப்பு.

பதினொன்று இருபதுக்கு எங்கள் முறை வந்தது. மகள் சின்னவளை நடத்திக்கொண்டு போனாள். சிலை மாதிரி நின்றது. நடுவர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மையார். கையில் வெள்ளைக் கையுறை. பல் பார்த்தார், முதுகைத் தடவினார், தலையை ஆட்டினார். “கன்னத்தில் இந்தப் புள்ளி எவ்வளவு பொருத்தம்!” என்று சொல்லிக்கொண்டே அதைத் தொட்டார்.

கையுறையின் விரல் கறுப்பானது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மனைவி இருவருக்கும் மை வைத்திருக்கிறாள். மகளுக்குக் காதோரம், சின்னவளுக்குக் கன்னம். மூன்று மணி நேரம் அந்தப் பொட்டு என் மடியில் பயணம் செய்தது. வெளியே கிளம்பும் பிள்ளைக்குப் பொட்டு இருப்பது எங்கள் கண்ணுக்கு ஒரு செய்தியே அல்ல. பதினான்கு அம்சங்களில் அது இல்லை.

“சாயமா?” என்று கேட்டார் நடுவர்.

“மை, அம்மணி” என்றேன் கயிற்றுக்கு இப்பால் நின்று. “அழகாக இருப்பவர்கள் மேல் கண் படக்கூடாது என்பதற்காக.”

“யாருடைய கண்?”

நான் சொல் தேடுவதற்குள் மகள் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னாள்: “இங்கே ரொம்ப நேரமாக உற்றுப் பார்ப்பது நீங்கள்தான், மேடம்.”

கூட்டம் சிரித்தது. நடுவரின் உதடும் ஒரு பக்கம் ஏறி இறங்கியது. ஆனால் விதி விதிதான்: சாயம் பூசிய நாய்க்கு இடம் கிடையாது. சின்னவளைவிடக் கால் கோணலான இரண்டு நாய்கள் பரிசு வாங்கின. துரை என்னைக் கடந்து போகும்போது, “திங்கட்கிழமை ஆபீசில் பேசலாம்” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் சின்னவளின் கழுத்தில் முகத்தை வைத்து அழுதாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

“என்னய எதுக்குப் பாக்குறீங்க? கருப்பு மை வச்சா குத்தம். அந்தம்மா ஒதட்டுல செகப்பு மை அப்பியிருந்திச்சே, அது?” என்றாள். சற்று நேரம் கழித்து, “வச்சதால போகல. அழிச்சதால போச்சு” என்றாள்.

அன்றைய குறிப்பின் கடைசி வரி: “குட்டிகளுக்கு வீடு தேட வேண்டும்.” ஐந்து தோட்டங்களின் பெயரை எழுதி, ஐந்தையும் அடித்தேன்.

மறுநாள் ஞாயிறு, ஐந்து நாற்பதுக்குப் பின்கதவைத் தட்டினார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பு நின்றார். வாரின் மறுமுனையில் ஸ்பானியல். ரிப்பன் இல்லை, தலை தொங்கியிருந்தது.

“நேத்து வந்ததுலேருந்து பச்சத் தண்ணி குடிக்கலங்க. கண்ணுதான்னு நான் சொல்லிட்டேன். தொரசாணி ராவெல்லாம் தூங்கல. இங்க அம்மா கையால ஒரு பொட்டு வச்சு அனுப்பச் சொன்னாங்க.”

“தொர?” என்றேன்.

“தொரைக்குத் தெரியாதுங்க. ஒங்க குட்டிங்க விசயத்த தொரசாணியே அவருகிட்ட பேசிக்கிறாங்களாம்.”

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் மைச் சிமிழை எடுத்து வந்தாள். ஸ்பானியலின் கன்னமோ கறுப்பு. எங்கே வைப்பது என்று மூவரும் விளக்கைப் பிடித்துத் தேடி, கடைசியில் வயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டைக் கண்டுபிடித்தோம். நான் நாயை மல்லாத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் வைத்தாள்.

ஆறு மணிக்குப் பார்க்க வேண்டிய மழைமானியைப் பார்த்தபோது மணி ஆறு பன்னிரண்டு.